முன்தோலும் முழுக்கைக் கோட்டும்

எனக்கு மூன்றாம் வகுப்பு வரைதான் படிப்பு. ஆனால் நான்கு ஆங்கில வார்த்தைகள் பிழையில்லாமல் சொல்வேன். பிரிப்யூஸ், கிளான்ஸ், ஃப்ரெனுலம், ஃபைமோசிஸ். நான்கும் என் உடம்பில் இருந்தவை. இரண்டு இப்போது இல்லை.

விழுப்புரத்தில் ரயில்வே கேங்மேனாக இருந்தேன். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி குத்துவது, கட்டை மாற்றுவது, இதுதான் வேலை. எங்கள் கேங்கில் பன்னிரண்டு பேர். ஐம்பதுகளின் கடைசி. அப்போது சின்னப் பாதை, கரி எஞ்சின்.

அப்பா அம்மா இல்லை. எனக்காக நாலு பேரிடம் பேச மேஸ்திரிதான் இருந்தார். கேங்குக்குத் தலைவர் அவர். எனக்கு இருபத்தாறு ஆனதும் அவர்தான் பெண் பார்த்தார். உண்மையில் பார்த்தது நான்.

திண்டிவனத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ரயில்வே கேட்டில் எங்களை நாலு நாள் வேலைக்கு அனுப்பினார்கள். கேட்காரர் சாப்பிடப் போயிருந்தார். அவர் மகள் கேட் சாத்தினாள். ஒரு மாட்டு வண்டிக்காரன் வண்டியை விட்டு இறங்கி, கேட்டுக்கு அடியில் குனிந்து நுழையப் பார்த்தான்.

"ஏன்யா, மாட்டுக்கு இருக்கிற அறிவு ஒனக்கு இல்ல? அது நின்னுக்கினு கீது, நீ தாண்டுறே!"

வண்டிக்காரன் திரும்பி மாட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டான். நான் கடப்பாரையைக் கீழே வைத்தேன்.

"இன்னாடா பாத்துக்கினு கீறே?" என்றார் மேஸ்திரி.

"குரலு."

"குரலா? கட்டிக்கிறவனுக்குப் பின்னால அதுதான்டா பேஜாரு."

"பரவாயில்ல மேஸ்திரி."

ஆவணியில் தாம்பூலம் மாற்றினோம். தை மாதம் கல்யாணம் என்று முடிவானது.

எல்லாம் சரி. எனக்கு ஒரு கோளாறு இருந்தது.

ஒன்றுக்குப் போனால் நேரம் ஆகும். நுனித்தோல் முதலில் பலூன் மாதிரி உப்பும். பிறகு நூலாக வரும். எரியும். தோலைப் பின்னால் தள்ளினால் போகாது. சின்ன வயதில் எல்லாருக்கும் இப்படித்தான் என்று நினைத்தேன். கேங்கில் சேர்ந்த பிறகுதான் மற்றவர்கள் வேலிப் பக்கம் போய் ஜல்தியாகத் திரும்பி வருவதைக் கவனித்தேன். நான் மட்டும் நின்றுகொண்டே இருப்பேன்.

"இன்னும் சிக்னல் விழலியாடா?" என்று பின்னால் இருந்து கத்துவார்கள்.

கல்யாணம் நெருங்க நெருங்க பயம் வந்தது. இதை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைக் கட்டலாமா, கூடாதா என்று தெரியவில்லை. கேட்க ஆளில்லை. ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கு இடுப்புக்குக் கீழே வியாதியே வராது. எல்லாம் வயிற்று வலிதான். குடல் இறங்கினவன் வயிற்று வலி என்பான். விரை வீங்கினவனும் வயிற்று வலி என்பான். சீட்டு எழுதும் ஜன்னலில் வரிசையாகப் பெண்கள் நிற்பார்கள். வேறு எதைச் சொல்வது?

நானும் வயிற்று வலி என்றேன். ரோஸ் கலரில் ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார்கள். குடித்தேன். அடுத்த வாரம் இன்னொரு பாட்டில். அதற்கடுத்த வாரம் இன்னொன்று. என் வயிறு அதுவரை நன்றாகத்தான் இருந்தது. அதன் பிறகு இன்னும் நன்றாக இருந்தது. கேப்பைக் களி மூன்று உருண்டை தின்றேன். மற்றது அப்படியே இருந்தது.

நான்காவது முறை போனபோது டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"மூணு பாட்டில் குடிச்சும் போகாத வயித்து வலி என்னய்யா அது? ஏறிப் படு."

படுத்தேன். மேல் வயிற்றை அமுக்கினார்.

"இங்கே வலிக்குதா?"

"இல்லீங்க."

"இங்கே?"

"இல்லீங்க. இன்னும் கொஞ்சம் கீழ."

தொப்புளுக்குக் கீழே அமுக்கினார்.

"இன்னும் கீழங்க."

"முழங்காலா?"

"அவ்ளோ கீழ இல்லீங்க."

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். எழுந்து போய் திரைத் துணியை இழுத்து விட்டார். "இதைச் சொல்லவா மூணு பாட்டில்?" என்றார்.

பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கை கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். முழுக்கை. வலது கையை மூடி, கோட்டுக் கையை இழுத்து மூடின கைமேல் விட்டார். விரல் தெரியவில்லை.

"இந்தக் கோட்டுக் கைதான் முன்தோல். இங்கிலீஷ்ல பிரிப்யூஸ். உள்ளே இருக்கிற என் கை மொட்டு. அது கிளான்ஸ். இப்ப பார்." கோட்டுக் கையை மெல்லப் பின்னால் இழுத்தார். கை வெளியே வந்தது. "பெரியவனானா இப்படிப் பின்னால வரணும். திரும்ப முன்னால போகணும். உனக்கு வாய் சுருங்கி இருக்கு. வரல. அதுக்குப் பேர் ஃபைமோசிஸ்."

"பெரிய வியாதிங்களா?"

"பேர்தான் பெரிசு."

மருந்துச் சீட்டின் பின்னால் படம் போட்டார். சுரைக்காய் மாதிரி இருந்தது. அம்புக்குறி போட்டுக் காட்டினார். அடியில் ஒரு கோடு இழுத்து, "இது ஃப்ரெனுலம். நாக்கைத் தூக்கிப் பார், கீழே நரம்பு மாதிரி ஒண்ணு கட்டி வச்சிருக்கும். அதே மாதிரி இங்கேயும் ஒண்ணு," என்றார். நான் அங்கேயே நாக்கைத் தூக்கித் தடவிப் பார்த்தேன். இருந்தது.

"தோலை எடுத்துடணும்," என்றார்.

"எல்லாத்தையுமா?"

"கோட்டுக் கையைத்தான்யா வெட்டப் போறேன். கையை இல்ல."

"தை மாசம் கல்யாணங்க."

"இப்ப ஐப்பசி. தாராளமா ஆறிடும்."

அப்போது என் மனசில் இருந்த பாறாங்கல் இறங்கிவிட்டது. அடுத்தது எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியாது.

ரயில்வேயில் சும்மா படுக்க முடியாது. டாக்டர் சிக் பேப்பர் எழுதித் தருவார். அதில் வியாதியின் பேர் இருக்கும். அதை மேஸ்திரியிடம் கொடுக்க வேண்டும். மேஸ்திரிக்கு இங்கிலீஷ் தெரியாது. அவருக்கு ஒரு கணக்கு உண்டு. எழுத்தின்மேல் விரலை வைத்து அளப்பார். ஒரு விரல் அகலம் இருந்தால் காய்ச்சல், மூன்று நாள். இரண்டு விரல் இருந்தால் ஒரு வாரம். இத்தனை வருஷத்தில் அந்தக் கணக்குத் தப்பியதில்லையாம்.

என் பேப்பரில் டாக்டர் வியாதியையும் எழுதி, செய்யப்போகும் ஆபரேஷனையும் எழுதியிருந்தார். மேஸ்திரி விரலை வைத்தார். நான்கு விரலும் போதவில்லை. கட்டை விரலையும் வைத்தார்.

"இன்னாடா இது?" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"வயித்து வலி மேஸ்திரி."

"வயித்து வலி ரெண்டு விரலுக்கு மேல போகாதுடா."

பேப்பரை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் எதிரில் இருந்த டீக்கடைக்குப் போனார். பின்னாலேயே கேங் முழுக்கப் போனது. டீக்கடைக்காரர் எட்டாவது படித்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார். சரியாகத்தான் வாசித்தார். ஆனால் அது என்ன என்று அவருக்கும் தெரியவில்லை.

"புதுசா வந்திருக்கும்," என்றார்.

கேங்மேன் ஒருவன் என் பக்கத்தில் இருந்த தன் தண்ணீர்ச் செம்பை எடுத்து அந்தப் பக்கம் வைத்தான். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். எனக்கு வியாதியின் பேர் தெரியும், அர்த்தமும் தெரியும். நாலு வார்த்தை சொன்னால் தீர்ந்திருக்கும். பத்துப் பேர் நடுவில் வாய் வரவில்லை.

எங்கள் கேங்கில் விவரம் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். கீமேன். எல்லாரும் பாய் என்று கூப்பிடுவோம். தினமும் ஸ்பேனரும் சுத்தியலுமாகத் தண்டவாளத்தோடு நடந்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் இரும்பு ஆப்புகளில் (சாவி என்போம்) கழன்றதை அடித்து இறுக்குவது அவர் வேலை. எங்கள் எல்லை முடியும் இடத்தில் அடுத்த கேங்கின் கீமேன் வருவார். இரண்டு பேரும் பீடி பற்ற வைத்து ஊர்க் கதை பேசிவிட்டுத் திரும்புவார்கள். பாய் இருந்திருந்தால் அந்தப் பேப்பரைக் கேட்டதுமே சிரித்து முடித்திருப்பார். அவர் அந்த வாரம் லீவு. அவருக்குப் பதில் போனவன் சும்மா இருக்கவில்லை.

எல்லையில் அவன், எனக்கு இங்கிலீஷ் வியாதி வந்திருக்கிறது என்று சொன்னான். அந்தக் கீமேன் அடுத்த எல்லையில், கத்தி வைக்கப் போகிறார்கள் என்றான். அதற்கடுத்த எல்லையில் மெட்ராஸ் பெரிய டாக்டர் கைவிட்டுவிட்டார் என்று ஆகியிருந்தது. திண்டிவனம் பக்கம் போய்ச் சேரும்போது நான் தை பிறக்கும் வரை தாங்கினால் பெரிசு. பாசஞ்சர் வண்டியே அவ்வளவு சீக்கிரம் போகாது.

இது எதுவும் எனக்குத் தெரியாது. நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன்.

ஆபரேஷன் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டார்கள். ஊசி வலித்தது. மற்றது தெரியவில்லை. டாக்டர் நடுவில், "ஃப்ரெனுலத்தை விட்டு வச்சிருக்கேன்," என்றார். "சரிங்க" என்றேன். சுற்றிவரத் தையல். எட்டு நாள் வேட்டி மேலே படாமல் முன்பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ராஜா நடை.

மூன்றாம் நாள் பாய் வந்தார். என் வேட்டியையும் நடையையும் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சிரித்தார். சத்தம் இல்லாமல், தோள் குலுங்க.

"இதுக்குத்தானா லைன் முழுக்க ஒப்பாரி? சுன்னத்தய்யா இது. எங்க வூட்ல எல்லா ஆம்பளைக்கும் ஆனது. மாலை போட்டு, புதுத்துணி கட்டி, கறி ஆக்கிப் போட்டு எவ்ளோ பெரிய விசேஷமா செய்வோம். நீ இன்னான்னா அனாதை மாதிரி வந்து படுத்துக்கினு கீறே."

அடுத்த நாள் அவர் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் சேமியா பாயசம் வந்தது. கூடவே ஒரு முழம் மல்லிகைப்பூ. பாய் அதை என் கழுத்தில் போட்டுவிட்டுத்தான் போனார். பக்கத்துக் கட்டில்காரர் எனக்கு ரிட்டயர்மென்ட் என்று நினைத்தார்.

பத்தாம் நாள் டிஸ்சார்ஜ். லைட் டியூட்டி என்று எழுதிக் கொடுத்தார்கள். கேங் சாமான் வைக்கும் குடிசையில் உட்கார்ந்து, பாயோடு சேர்ந்து சாமானுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கேட்காரர் வந்தார். எனக்கு மாமனாராக வர இருந்தவர்.

குளிருக்குக் கொடுத்த முழுக்கைக் கோட்டு போட்டிருந்தார். பச்சைக் கொடி அக்குளில் இருந்தது. அவசரத்தில் வைத்துவிட்டு வர மறந்திருக்கிறார். என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் எழுந்து நின்றதில் கொஞ்சம் ஆச்சரியப்பட்ட மாதிரி இருந்தது.

"வாங்க மாமா."

"வர்றேன். மழை எப்படி இந்தப் பக்கம்?"

"பரவாயில்லீங்க."

"அந்தப் பக்கம் மல்லாட்டைக் கொல்லை எல்லாம் தண்ணில நிக்குது."

"அப்படீங்களா."

வாசல் கட்டைமேல் உட்கார்ந்தார். பிறகு சொன்னார். "தாம்பூலம் மாத்தியாச்சு. ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. எனக்கு ஒரே பொண்ணு தம்பி."

தம்பி என்றார். ஆவணியிலிருந்து மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஒடம்புக்கு இன்னா, சொல்லு."

சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பெண்ணைக் கொடுக்கப்போகிறவரிடம் எப்படிச் சொல்வது? பழக்க தோஷம். என் வாய் தானாகச் சொன்னது.

"வயித்து வலி மாமா."

அவர் முகம் விழுந்துவிட்டது.

"வயித்து வலிக்குக் கத்தி வச்சாங்களா? எங்க பெரியப்பாவும் வயித்து வலின்னுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாரு. திரும்பி வரல." எழுந்துவிட்டார். "உண்மைய மறைக்கிற எடத்துல நான் பொண்ணு குடுக்கிறதா இல்ல தம்பி. தாம்பூலத்தை மேஸ்திரிகிட்டத் திருப்பிக் குடுத்துடறேன். மனசுல வச்சுக்காதே."

இரண்டு எட்டு போய்விட்டார். எனக்கு அப்போது உண்மையாகவே வயிறு வலித்தது. மாட்டு வண்டிக்காரனைத் திருப்பி நிறுத்திய குரல் காதில் கேட்டது. போய் அவர் கையைப் பிடித்தேன்.

"கையை மூடுங்க மாமா."

"இன்னாது?"

"மூடுங்க."

மூடினார். கோட்டுக் கையைப் பிடித்து அவர் மூடின கைமேல் இழுத்து விட்டேன். நுனியைக் கொத்தாக இறுக்கிப் பிடித்தேன்.

"இப்ப கையை வெளிய எடுங்க."

இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

"இதுதான் எனக்கு. வயித்துல இல்ல மாமா."

அவர் தன் கையையே பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு இடுப்புக்குக் கீழே பார்த்தார். சட்டென்று பார்வையைத் தூக்கிக்கொண்டார். விளங்கிவிட்டது. நான் பிடியை விட்டேன். கோட்டுக் கையைப் பின்னால் மடித்து விட்டேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"அடச்சீ," என்றார். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. மறுபடியும் உட்கார்ந்தார். பாய் கொடுத்த பீடியை வாங்கிப் பற்ற வைத்தார். பாதி பீடியில் அடுத்த கவலை வந்தது.

"மடிச்சு வுட்டாங்களா, வெட்டிட்டாங்களா?"

"வெட்டிட்டாங்க."

"அப்போ..." பாயைப் பார்த்தார். பேச்சை நிறுத்தினார்.

பாய் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "கேக்க வந்ததைக் கேளுங்க. அதை எடுத்துட்டா எங்க ஆளாயிடுவானான்னுதானே? அதெல்லாம் சும்மா சேத்துக்க மாட்டோம். அஞ்சு வேளை தொழணும். காலைல அஞ்சு மணிக்கு இவனை எழுப்ப எஞ்சின் வந்து கூவினாலும் ஆகாது. இவன் எங்களுக்கு வேணாம். நீங்களே வச்சுக்குங்க."

கேட்காரர் சிரித்தார். ஆனாலும் விடவில்லை. "கெணத்துல குளிக்கிறப்ப பங்காளிங்க பாத்தா இன்னான்னு சொல்றது? டாக்டரைக் கேப்போம். திரும்பப் போட்டுக் குடுக்க முடியுமான்னு."

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் என்னைப் பார்த்ததும், "மறுபடி வயித்து வலியா?" என்றார். கேட்காரர் பச்சைக் கொடியோடு அட்டென்ஷனில் நின்றார்.

"ஐயா, எடுத்த தோலை மறுபடி வைக்க முடியுங்களா?"

"எடுத்ததை அன்னைக்கே வாளியில போட்டாச்சு."

"அப்ப, தானா முளைக்குங்களா?"

"முடியும் நகமும்தான் முளைக்கும். இது முளைக்காது." டாக்டருக்கு அன்றைக்குக் கூட்டம் இல்லை. நல்ல மனநிலையில் இருந்தார். "ஆனா ஒண்ணு. தோல் நீளும். மிச்சம் இருக்கிற தோலை முன்னால இழுத்து, விடாம இழுவையிலேயே வச்சிருந்தா கொஞ்சம் கொஞ்சமா வளரும். காது வளர்த்த பொம்பளைங்களைப் பார்த்ததில்லையா? ஓட்டையில கனம் போட்டுப் போட்டு, தோள் வரைக்கும் தொங்கும். அதே கதைதான்."

"அப்ப ஆகுங்களா!"

"வருஷக்கணக்கு ஆகும். வந்தாலும் பாக்க மூடின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பழைய நுனி வராது. அதுல இருந்த உணர்ச்சி வராது. வேணும்னு தோணினா செய்யலாம், வேணாம்னா இப்படியே நூறு வருஷம் இருக்கலாம். பிள்ளை பெத்துக்க, குடும்பம் நடத்த இதனால ஒரு குறையும் இல்ல. முன்னாடிதான் குறை இருந்தது." என்னைக் காட்டினார். "இது யாரோட உடம்பு? அவன் சொல்லட்டும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"இப்ப ஒண்ணுக்கு நேரா வருதுங்க," என்றேன்.

கேட்காரரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். காது என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்தே ஏதோ யோசனையில் இருந்தார். வண்டி ஏறும்போது, "வூட்ல கேட்டுக்கினு சொல்றேன்," என்றார். மாப்ளே என்றும் சொல்லவில்லை. தம்பி என்றும் சொல்லவில்லை.

நான்கு நாள் பதில் இல்லை. இந்த நான்கு நாள் மட்டும் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வெளியில் காட்டவில்லை. ஒருநாள் பாயிடம் கேட்டேன்.

"பிளாஸ்திரி போட்டு இழுத்துக் கட்டினா தைக்குள்ள கொஞ்சம் வருமா பாய்?"

"தைக்குள்ள வர அது இன்னா கீரையா? தையலே இன்னும் சரியா ஆறல. சும்மா கெட."

சும்மா கிடந்தேன்.

ஐந்தாம் நாள் பாய் எல்லை வரை நடந்து திரும்பி வந்தார். தூரத்திலேயே ஸ்பேனரைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். நான் வேலையை நிறுத்தினேன். கேங்கே நிறுத்தியது.

"ஒன் மாமியா சேதி அனுப்பிச்சிருக்குது. கேட்லேர்ந்து கீமேன் கீமேனாக் கைமாறி வந்திருக்குது. இதுல ஒரு வார்த்தைகூட நான் சேக்கல."

கேட்காரரின் மனைவி தெற்குச் சீமையிலிருந்து வாழ வந்தவர். அங்கே சின்ன வயதில் அவருக்குக் காது வளர்த்திருந்தார்கள். இங்கே கல்யாணமாகி வந்த பிறகு, எல்லாரும் கம்மல் போடுவதைப் பார்த்து, தொங்கின காதை அறுத்துத் தைத்துக்கொண்டார். இரண்டு காதிலும் தையல் வடு உண்டு. தாம்பூலத்தன்று நானே பார்த்திருக்கிறேன். என்ன என்று எனக்கு அப்போது தெரியாது.

பாய் கையைக் கட்டிக்கொண்டு, அந்த அம்மா தன் வீட்டுக்காரரிடம் சொன்னதை அப்படியே சொன்னார்.

"'காதை அறுத்துத் தைச்சவளோட இருவது வருசமா குடும்பம் பண்ணிக்கினு கீறீங்க. ஒரு நாளாவது சோத்துல குறை வந்துச்சா? வளத்ததும் தோலு, அறுத்ததும் தோலு. அதுக்காக நல்ல மாப்ளைய வுட்டுட்டு நான் எங்கே தேடிக்கினு போவேன்? தேதிய மாத்தாதீங்க. மாப்ளையப் பால் வாங்கிக் குடிக்கச் சொல்லுங்க.'"

கேங்கில் ஒருத்தன் கடப்பாரையால் தண்டவாளத்தைத் தட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள். செம்பை நகர்த்தி வைத்தவன் அதில் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தான். மேஸ்திரி அருகில் வந்து கேட்டார்.

"ஏன்டா, இவ்ளோ சின்ன விசயத்துக்கு அவ்ளோ நீளமா எழுதினா நான் இன்னான்னு அளக்கிறது?"

அதோடு அவர் விரல் வைத்து அளப்பதை விட்டுவிட்டார்.

தை மாதம் மயிலம் மலைக்கோயிலில் கல்யாணம். கேங் முழுக்க வந்தது. லைனில் யார் ஜல்லி குத்தினார்கள் என்று தெரியவில்லை. பாய் மாலை கொண்டு வந்தார். "இது ரெண்டாவது மாலை," என்று என் காதில் சொல்லிப் போட்டார். மாமனார் முழுக்கைக் கோட்டு போட்டிருந்தார். வெயிலில் ஏன் என்று யாரோ கேட்டார்கள். "இருக்கட்டும்," என்றார்.

சாயங்காலம் பாசஞ்சரில் விழுப்புரம் திரும்பினோம். எதிரில் உட்கார்ந்திருந்தவளிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று ரொம்ப நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பேரணி ஸ்டேஷன் தாண்டியதும் கேட்டேன்.

"ஒனக்குத் தெரியுமா?"

"எது?"

"எனக்கு ஆனது."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். சிரிப்பை அடக்கினாள். பிறகு அடக்கவில்லை.

"எங்க கேட்ல நின்ன மாட்டுக்கே தெரியும்."

அதன் பிறகு நாற்பது வருஷம் அவளோடு இருந்தேன். குறை ஒன்றும் இல்லை. டாக்டர் சொன்ன இழுவை வேலையை நான் செய்யவே இல்லை. கிணற்றில் குளிக்கும்போது ஒரு பங்காளியும் கேட்கவில்லை. சிக்னல் ஜல்தியாக விழுந்தது.

ஒன்றுதான் தொல்லை. லைனில் யாருக்கு எந்த இடத்தில் கோளாறு என்றாலும் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். டாக்டரிடம் சொல்ல வெட்கம். என்னிடம் வெட்கம் இல்லை. நான் சுரைக்காய்ப் படம் போட்டுக் காட்டுவேன். நான்கு வார்த்தையையும் சொல்லித் தருவேன். நாக்கைத் தூக்கிப் பார்க்கச் சொல்வேன். ஆஸ்பத்திரியில் போய் முதல் பாட்டிலிலேயே உண்மையைச் சொல் என்று அனுப்புவேன்.

வருகிறவர்கள் வாசலில் நின்று என் மனைவியிடம் தலையைச் சொறிவார்கள்.

"அண்ணன் இருக்காருங்களா அண்ணி? கொஞ்சம் வயித்து வலி."

அவள் உள்ளே திரும்பி, கேட் சாத்தின அதே குரலில் கூப்பிடுவாள்.

"ஏங்க, வயித்து வலியாம்! எவ்ளோ கீழன்னு வந்து கேளுங்க!"